திரைக்கு மேல் ஒரு திரை

புதிய மடிக்கணினி ஒன்றுக்கு விலை பேசி முடித்து, பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, பெட்டியைக் கையில் எடுக்கும் தறுவாயில், சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, வேறெந்த ஊர்க் கடைவீதியானாலும் சரி, பெரும்பாலும் கடைக்காரர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “அப்படியே ஸ்கிரீன் கார்டும் ஒட்டிக் கொடுத்துடட்டுமா, சார்?” பல்லாயிரம் ரூபாய் செலவழித்த மனம், இன்னும் சில நூறு ரூபாயில் அந்தப் பொருளுக்கு ஒரு கவசம் கிடைக்குமானால், அதை வேண்டாமென்று சொல்லத் துணிவதில்லை. கைப்பேசிக்கு வாங்கிய அன்றே கண்ணாடி ஒட்டிப் பழகிய நமக்கு, அதனினும் பெரிய திரையை வெறுமனே விடுவது அசட்டையாகவே தோன்றுகிறது. 2011-ஆம் ஆண்டு முதல் அரசின் விலையில்லா மடிக்கணினி லட்சக்கணக்கான மாணவர் கைகளுக்குப் போய்ச் சேர்ந்த தமிழ்நாட்டில், திரை ஒன்று பழுதுபட்டால் அதை மாற்றுவதற்கு ஆகும் தொகை எத்தனையோ குடும்பங்களின் மாதக் கணக்கையே குலைத்துவிடக் கூடியது. ஆகையால் இந்தக் கேள்வி அற்பமானது என்று நான் எண்ணவில்லை. பௌதிக சாஸ்திரத்தின் துணைகொண்டு நிதானமாக ஆராய்ந்து விடை சொல்லத்தக்கதாகவே எண்ணுகிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்கு அந்த உறை வேண்டுவதில்லை. அது காப்பதாகச் சொல்லும் அபாயம் மடிக்கணினியின் திரைக்குச் சொற்பமாகவே நேர்கிறது. அதன் திரையை உண்மையில் அழிக்கும் அபாயத்தை அது தடுப்பதில்லை, சில சமயம் வரவழைத்தும் விடுகிறது. இவற்றுக்கெல்லாம் விலையாக, நாள் முழுதும் அந்தத் திரையைப் பார்த்தே வேலை செய்கிற கண்ணிடமிருந்து கொஞ்சம் ஒளியையும் கொஞ்சம் தெளிவையும் எடுத்துக்கொள்கிறது. இப்படிச் சொல்வதற்கு ஆதாரம் என்னவென்று பார்க்கும் முன்னர், திரை என்பது எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

நாம் திரை என்று விரலால் சுட்டுவது ஒரே பொருளன்று. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த பல தாள்களும் தகடுகளும் கூடிய ஓர் அடுக்கு. எல்.சி.டி. வகையைச் சேர்ந்த சாதாரண மடிக்கணினியில், பின்புறத்தின் ஒரு விளிம்பை ஒட்டி வெண்ணிற எல்.இ.டி. விளக்குகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் ஒளியைத் திரை முழுதும் பரப்புவதற்கு ஒரு பிளாஸ்டிக் பலகை. அப்படிப் பரவிய ஒளியைச் சீராக்கிக் கண்ணை நோக்கித் திருப்புவதற்குச் சில மெல்லிய தாள்கள். பலதளங்களில் அதிரும் ஒளியை ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டும் ஒரு போலராய்டு தாள். அதற்கும் முன்னால் இரண்டு கண்ணாடித் தகடுகள். அந்தக் கண்ணாடிகளுக்கு இடையே, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் மூன்று நான்கு கூறே இருக்கும் சந்தில், திரவப் படிகம் நிரம்பியிருக்கிறது. 1888-இல் பிராகா நகரில் ஃபிரெடரிக் ரைனிட்சர் என்னும் தாவரவியலறிஞர், கொலஸ்டிரால் சேர்ந்த ஒரு பொருளைச் சூடாக்கியபோது, அது 145.5 பாகையில் கலங்கிய திரவமாகவும், 178.5 பாகையில் தெளிந்த திரவமாகவும் இருமுறை உருகுவதைக் கண்டு வியந்தார். திரவத்தைப்போல் ஓடியும் படிகத்தைப்போல் ஒழுங்குபட்டும் நிற்கிற அந்த விசித்திர நிலையே பிற்காலத்தில் இந்தத் திரைகளுக்கெல்லாம் அஸ்திவாரமாயிற்று. மின்னழுத்தம் கொடுக்கும்போது அதன் மூலக்கூறுகள் திரும்புகின்றன. அவற்றினூடே செல்லும் ஒளியின் அதிர்வுத் தளமும் அதற்கேற்ப மாறுகிறது. இறுதியில் வெளிப்புறத்தில் இருக்கும் இரண்டாவது போலராய்டு தாள், தன் தளத்தோடு ஒத்த ஒளியை வெளியே விட்டு, ஒவ்வாததை நிறுத்திவிடுகிறது. 1920-க்கு 1080 என்ற அளவில் புள்ளிகள் உள்ள திரையில், சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கூறுகளையும் தனித்தனியே எண்ணினால், இவ்வாறு திறந்து மூடும் வாயில்கள் 62 லட்சத்துக்கும் அதிகம்.

நம் விரல் தொடுவது அந்த இரண்டாவது போலராய்டு தாளைத்தான். இதைப் பலர் அறியார். தொடுதிரை அல்லாத மடிக்கணினியின் முகப்பு கண்ணாடி என்று எண்ணி அதைத் துடைக்கிறோம். ஆனால் கண்ணாடி உள்ளே இருக்கிறது, வெளியே இருப்பது ஒரு பிளாஸ்டிக் தாள்.

அந்தத் தாளின் பூர்வ கதை மிகவும் ரசமானது. 1852-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வைத்தியர் வில்லியம் பேர்ட் ஹெரபாத் என்பவரிடம் பயின்ற மாணவர் ஒருவர், கொயினா மருந்து ஊட்டப்பட்ட ஒரு நாயின் சிறுநீரில் அயோடினைச் சொட்டவிட, அதில் பச்சை நிறத்தில் உலோகம்போல் மின்னும் நுண்ணிய படிகங்கள் தோன்றின. ஹெரபாத் அவற்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து நோக்கினார். ஒரு படிகத்தின்மேல் இன்னொன்று குறுக்காகக் கிடந்த இடங்களில் ஒளி அறவே மறைந்து இருண்டிருக்கக் கண்டார். தம் கண்முன் கிடப்பது ஒளியைத் தளவிளைவு செய்யும் ஓர் அபூர்வப் பொருள் என்பதையும் உணர்ந்துகொண்டார். ஆயினும் அப்படிகங்கள் மிகச் சிறியவை, எளிதில் நொறுங்குபவை; பெரிதாக வளர்க்க அவர் ஆண்டுக்கணக்கில் முயன்றும் தக்க பலன் கிட்டவில்லை. முக்கால் நூற்றாண்டு கழித்து, அமெரிக்க இளைஞர் எட்வின் லேண்ட், ஒரு பெரிய படிகத்துக்குப் பதிலாகக் கோடிக்கணக்கான சிறு படிகங்களை ஒரு பிளாஸ்டிக்கில் கலந்து, அவையெல்லாம் ஒரே திசையை நோக்கும்படி செய்தாலே போதும் என்று யோசித்து, 1929-இல் அதற்குக் காப்புரிமை கோரினார். 1938-இல் படிகங்களையும் விட்டொழித்து, பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பிளாஸ்டிக் தாளை இழுத்து நீட்டி, அதன் நெடிய மூலக்கூறுகள் ஒருதிசைப்பட்ட பின் அவற்றில் அயோடினை ஏற்றும் முறையை வகுத்தார். இன்றைக்கு உங்கள் மடியில் இருக்கும் திரையின் முகப்பில் அந்த முறையின் நேர் வாரிசுதான் ஒட்டப்பட்டிருக்கிறது.

இங்கே நம் விஷயத்துக்கு வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. பாலிவினைல் ஆல்கஹால் நீரைக் கண்டால் இளகும் இயல்புடையது. வெப்பமும் ஈரமும் அதன் ஒழுங்கைக் கெடுக்கும். ஆகவே அதை வெறுமனே விடாமல், இருபுறமும் செல்லுலோஸிலிருந்து செய்த டிரைஅசெட்டைல் செல்லுலோஸ் போன்ற தாள்களை ஒட்டி, நடுவில் வைத்துக் காக்கிறார்கள். வெளிப்புறத் தாளின்மேல் கீறலைத் தாங்கும் கடினப் பூச்சு ஒன்றைப் பூசுகிறார்கள். பல திரைகளில் அந்தப் பூச்சையே நுண்மையாகச் சொரசொரப்பாக்கி, சன்னலும் விளக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல் திரையில் தெரியாமல் சிதறும்படியும் செய்கிறார்கள். ஆகவே தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே உங்கள் திரைக்கு ஒரு பாதுகாப்பு உறை ஒட்டப்பட்டுவிட்டது. அதுவும் தூசி புகாத அறையில், குமிழி ஒன்றும் இல்லாமல், அந்தத் திரையின் ஒளியியலுக்கு ஏற்ப அளந்து ஒட்டப்பட்டது. கடைக்காரர் கேட்பது இரண்டாவது உறைக்கு.

இரண்டாவது உறையால் ஒளிக்கு என்ன நேர்கிறது? ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குள் நுழையும் ஒவ்வோர் எல்லையிலும் அதில் ஒரு பகுதி திரும்பிவிடும் என்பதும், எவ்வளவு திரும்பும் என்பது அவ்விரண்டின் ஒளிவிலகல் எண்களைப் பொறுத்தது என்பதும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஃபிரெனெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கணக்கிட்டுக் காட்டிய உண்மை. காற்றிலிருந்து, ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடியின்மேல் நேராக விழும் ஒளியில், நூற்றில் 4 பங்கு திரும்புகிறது. உறையாக ஒட்டும் பாலியெஸ்டர் தாளின் எண் 1.65-ஐ ஒட்டியிருப்பதால், பூச்சு ஒன்றும் இல்லாத வெறும் தாளாயின் அது 6 பங்காகிறது. பசைகொண்டு நன்றாக ஒட்டிய தாளின் உட்புறத்தில் இந்த இழப்பு அநேகமாக இல்லை எனலாம். பசையும் பிளாஸ்டிக்கும் ஒளிவிலகலில் ஏறத்தாழ ஒத்திருப்பதே காரணம். ஆனால் மூடியின் மேல்விளிம்பில் மாட்டித் தொங்கவிடும் அக்ரிலிக் பலகைகள் சிலவும் விற்கப்படுகின்றன. அவற்றுக்கும் திரைக்கும் இடையே காற்று நிற்கிறது; ஆகவே புதிதாக இரண்டு எல்லைகள் முளைத்து, திரையின் ஒளியில் நூற்றுக்கு 8 பங்கை உள்ளே திருப்பிவிடுவதோடு, அறையின் வெளிச்சத்திலும் அதே 8 பங்கை நம் கண்ணுக்கு அனுப்புகின்றன.

எட்டுப் பங்குதானே என்று தோன்றலாம். பிரகாசத்தைப் பொறுத்தமட்டில் அது பெரிய நஷ்டமன்று. திரையின் ஒளியைச் சற்றே கூட்டி ஈடுசெய்துவிடலாம், மின்கலம் கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவே. நஷ்டம் கருமையில் நேர்கிறது. ஒளியை அளக்கும் கேண்டலா என்னும் அலகில், ஒரு திரையின் வெண்மை சதுர மீட்டருக்கு 300 என்றும், கருமை 0.3 என்றும் கொள்வோம். இரண்டுக்கும் உள்ள விகிதம் 1000. அறையின் வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பி 3 கேண்டலாவை எங்கும் சமமாகச் சேர்க்குமானால், வெண்மை 303 ஆகிறது, அதைக் கண் கவனிப்பதே இல்லை, கருமையோ 3.3 ஆகிறது, விகிதம் 92-க்கு வீழ்கிறது. மேலே மாட்டிய பலகை அந்தப் பிரதிபலிப்பை இரட்டித்தால் விகிதம் 50-க்கும் கீழே போய்விடும். கறுப்பு எழுத்து சாம்பல் எழுத்தாகி, நிழல்களில் இருந்த நுணுக்கங்கள் கரைந்து, படம் முழுவதும் ஒரு மெல்லிய வெண்புகை படர்ந்தாற்போல ஆகிவிடுவது இதனால்தான். பின்விளக்கு உமிழும் ஒளியில், போலராய்டு தாள்களையும் நிறவடிகட்டிகளையும் கடந்து வெளியே வருவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதையும் நினைத்துக்கொண்டால், இத்தனை சிரமப்பட்டு வந்து சேரும் ஒளியை வாசலில் நின்று கெடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

விலையுயர்ந்த திரைகளில் இந்த நஷ்டம் இன்னும் கடுமை. நாள்பட்டு மேற்பரப்பு மங்கிய பழைய கண்ணாடிகள் புதியவற்றைவிட அதிக ஒளியை ஊடுருவ விடுகின்றன என்பதை 1886-இல் ராலே பிரபுவும், 1892-இல் லென்ஸ் நிபுணர் ஹெரால்டு டென்னிஸ் டெய்லரும் கவனித்தனர். மேற்பரப்பில் மிக மெல்லிய வேறொரு படலம் இருந்தால், அதன் இருபுறமும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்பதே அதன் தத்துவம். 1938-இல் அமெரிக்க விஞ்ஞானி கேத்தரின் பிளாட்ஜெட், ஒரு மூலக்கூறு கனமுள்ள படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக 44 முறை படியவைத்து, பிரதிபலிப்பை அநேகமாக இல்லாமற் செய்த கண்ணாடியை உலகுக்குக் காட்டினார். இன்று உயர்ரகத் திரைகளின் முகப்பில் இருக்கும் பிரதிபலிப்பு நீக்கும் பூச்சு அந்த மரபினது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பல ஆயிரத்தில் ஒரு பங்கே. காற்றோடு நேரே தொட்டுக்கொண்டிருக்கும்போது மட்டுமே அது தன் வேலையைச் செய்யும். அதன்மேல் பசை பூசிய தாளை ஒட்டிவிட்டால், அந்தக் கணமே அது செயலற்றுப் போகிறது. அந்தப் பூச்சுக்கென்றே கூடுதல் பணம் கொடுத்தவர், அதை மறைப்பதற்கும் பணம் கொடுக்கிறார்.

மேட் தாள் என்று விற்கப்படும் மங்கல் தாளிலும் ஒரு குறை உண்டு. சன்னலுக்கு எதிரில், பளபளப்பான திரையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது மெய்யாகவே உதவும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் சொரசொரப்பிலுள்ள ஒவ்வொரு மேடும் ஒரு சிறு லென்ஸாக வேலை செய்கிறது. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட 15.6 அங்குலத் திரையில் ஒரு படப்புள்ளியின் அகலம் 0.18 மில்லிமீட்டர், அதன் நிறக்கூறு ஒவ்வொன்றும் 0.06 மில்லிமீட்டர். மேடுகளின் அளவும் இந்த அளவை நெருங்கும்போது, வெண்ணிறப் பக்கத்தில் மணல் தூவியதுபோன்ற ஒரு மினுமினுப்பு உண்டாகிறது. புள்ளிகள் நெருக்கமாக அமைந்த நல்ல திரையிலேதான் அது அதிகமாய்த் தெரிகிறது.

இனி, கீறலுக்கு வருவோம். ஃபிரெடரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் நகத்துக்கு 2.5, சாதாரணக் கண்ணாடிக்கு 5.5, மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்சுக்கு 7. தெருப்புழுதியிலும் கட்டுமானத் தூசியிலும் குவார்ட்ஸ் துகள் நிறைந்திருப்பதால், பிளாஸ்டிக் முகப்பைக் கீறுவதற்கு வேண்டிய கருவி நம் வீட்டுக் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் துகள் திரையின்மேல் படிந்து கிடப்பதால் மட்டும் கீறல் விழுந்துவிடாது. அதைக் கீழே அழுத்திக்கொண்டு ஏதேனும் ஒன்று நகர வேண்டும். கைப்பேசி, சாவிகளோடும் சில்லறையோடும் சட்டைப்பையில் உரசிக்கொண்டு, நாள் முழுவதும் விரல்பட்டு, அடிக்கடி கீழே விழுந்தும் வாழ்கிறது. மடிக்கணினியின் திரையோ வேலை நேரத்தில் எதுவும் தொடாமல் நிமிர்ந்து நிற்கிறது, மற்ற நேரத்தில் மூடிக் கிடக்கிறது. அதன்மேல் கீறல் விழுமானால், அநேகமாக அது அவசரத்தில் சட்டை முனையால் வறண்ட தூசியைத் தேய்த்ததால் விழுந்ததாகவோ, பையின் சுமையால் மூடி அழுந்தி விசைப்பலகையின் பொத்தான்கள் பதிந்த தடமாகவோ இருக்கும்.

கடைகளில் ‘9எச்’ என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டு விற்கும் டெம்பர்டு கண்ணாடியைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வைரத்துக்கு 10 என்று பள்ளியில் படித்தவர்கள், 9 என்றால் அதற்கு அடுத்தபடி என்று நம்பி வாங்குகிறார்கள். அந்த 9எச் என்பது மோஸ் வரிசையின் எண்ணே அன்று. பென்சில் கடினத்தின் குறி. குறித்த எடையோடு, சாய்வாகப் பிடித்துத் தள்ளிய 9எச் பென்சில் கீறவில்லை என்பதே அதன் முழு அர்த்தம். பென்சிலின் கரியும் களிமண்ணும் கீறாத அந்தக் கண்ணாடியை, ஒரு மணல் துகள் தாராளமாய்க் கீறும். அளவுகோல் எது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் பெரிதாகக் காட்டி விற்பது, வாங்குகிற ஏழை மாணவனுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

மடிக்கணினித் திரைகள் எதனால் மடிகின்றன என்று பழுதுபார்ப்பவர்களிடம் கேட்டால், கீறலைப்பற்றி அவர்கள் அதிகம் பேசமாட்டார்கள். விசைப்பலகையின்மேல் பேனாவையோ, பென்டிரைவையோ, காதொலிக் கருவியையோ வைத்ததை மறந்து மூடியை அழுத்தியது. மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறந்து திறந்து முறுக்கியது. நிரம்பி வழியும் பையில் மடிக்கணினியின்மேல் தண்ணீர்ப் புட்டி அழுந்தியது. பேருந்தில் பைமேல் யாரோ சாய்ந்தது. இவற்றையே அவர்கள் சொல்வார்கள். எல்லாம் அழுத்தத்தின் விளைவுகள். திரவப் படிகத்தைத் தாங்கும் கண்ணாடித் தகடுகள் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான கனமே உடையவை. கண்ணாடியின் உறுதி அதன் பொருளில் இல்லை, மேற்பரப்பிலும் விளிம்பிலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைப் பொறுத்தே இருக்கிறது என்று 1921-இல் கிரிஃபித் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர் நிரூபித்தார். தகடு வளையும்போது, புடைக்கும் பக்கத்தில் இழுவிசை உண்டாகிறது. அந்த விசை மிகச் சிறு வெடிப்பொன்றின் நுனியில் குவிந்து, ஒரு வரம்பைத் தாண்டியதும் வெடிப்பு தானாகவே ஓடத் தொடங்குகிறது. மேலே ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள் இந்த வளைவைத் தடுக்கும் வலிமை உடையதன்று.

தடுக்காததோடு நில்லாமல், சில சமயம் அதுவே காரணமாகவும் அமைந்துவிடும். மெலிவே அழகென்று கருதப்படும் இக்காலத்தில், மூடிய மடிக்கணினியில் திரைக்கும் விசைப்பலகைக்கும் இடையே விடப்படும் சந்து மிகவும் குறுகியது, அளந்து விடப்பட்டது. 2020-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆப்பிள் நிறுவனம், கேமராவை மறைக்கும் சிறு மூடியை ஒட்டியபடியே மேக்புக் கணினிகளை மூட வேண்டாமென்றும், ஒட்டித்தான் ஆகவேண்டுமானால் அது அச்சுக் காகிதத்தின் கனமாகிய 0.1 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்றும் பகிரங்கமாக எச்சரித்தது. ஒரு காகிதத்தின் கனம்! கைப்பேசிகளுக்கு வழக்கமாய் ஒட்டும் டெம்பர்டு கண்ணாடியின் கனம் 0.33 மில்லிமீட்டர், அதே பொருளை மெல்லிய மடிக்கணினியில் ஒட்டினால், அனுமதித்த அளவைப் போல மும்மடங்காகிறது. மூடும்போது விளிம்பிலுள்ள ரப்பர்ப் பட்டை தாங்க வேண்டிய சுமையை அந்தக் கண்ணாடி தாங்குகிறது. பிறகு பையில் ஏறும் ஒவ்வொரு அழுத்தமும் நேரே திரைக்குள் இறங்குகிறது. விசைப்பலகையின்மேல் விரித்துவைக்கும் சிலிக்கோன் உறைக்கும் இதே ஆட்சேபம் பொருந்தும்; தட்டெழுதும்போது அது தண்ணீரையும் தூசியையும் தடுக்கட்டும், மூடும்போது அதை எடுத்துவிட வேண்டும். திரை சற்றே உள்வாங்கி, சுற்றிலும் உயர்ந்த சட்டம் உள்ள பழைய பாணி மடிக்கணினிகளில் இடம் தாராளமாக இருப்பதால், இந்த அபாயம் குறைவு.

நீல ஒளியைத் தடுத்துக் கண்ணைக் காக்கும் என்று விளம்பரப்படுத்தும் மஞ்சள் சாயல் தாளுக்கு அதிக இடம் கொடுக்க வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில் நாம் பெறும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் திரை தருவது மிக அற்பம். நீல ஒளியை வடிகட்டும் மூக்குக்கண்ணாடிகளைப்பற்றிய 17 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பு, அவற்றால் கண்சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்று 2023-இல் அறிவித்தது; மூக்குக்கண்ணாடியால் ஆகாதது திரைமேல் ஒட்டிய தாளால் ஆகுமென்று நம்புவதற்கு ஹேது இல்லை. திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பது கணிசமாகக் குறைந்துவிடுகிறது. கண் வறண்டு எரிவதற்கு முக்கிய காரணங்களுள் அது ஒன்று. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபதடிக்கு அப்பாலுள்ள ஒன்றை இருபது வினாடி பார்த்துவருவது அந்தத் தாளைவிடப் பிரயோஜனமானது, காசும் ஆகாது. இரவில் மஞ்சள் சாயல் வேண்டுவோர் கணினியின் அமைப்பிலேயே அதை மாற்றிக்கொள்ளலாம்.

அந்தரங்கத் தாள் என்னும் பிரைவஸி ஃபில்டரை மட்டும் நான் வேறு விதமாக மதிக்கிறேன். அதன் உள்ளே, சன்னலுக்கு மாட்டும் சாய்பலகைகளைப்போல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கரிய தகடுகள் செங்குத்தாக வரிசையிட்டு நிற்கின்றன; நேரே இருப்பவருக்கு ஒளி அவற்றின் சந்துகளினூடே வருகிறது, பக்கத்தில் ஏறக்குறைய 30 பாகைக்கு அப்பால் இருப்பவருக்குத் திரை இருண்டுவிடுகிறது. ரயிலில் அமர்ந்து நோயாளிகளின் அறிக்கையைப் படிக்கும் மருத்துவருக்கும், வங்கிக் கணக்கைத் திறக்கும் அலுவலருக்கும் அது மெய்யான பாதுகாப்பு. ஒளி கணிசமாகக் குறையும் என்பதை அவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள். நிரந்தரமாய் ஒட்டாமல், வேண்டும்போது மாட்டி, மூடும் முன் கழற்றிவிடும் வகையே உத்தமம். காந்தத்தால் பற்றிக்கொள்ளும் வகையை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூடி மூடப்பட்டதை மடிக்கணினி பெரும்பாலும் ஒரு சிறு காந்தத்தையும், 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவால் அதை உணரும் ஓர் உறுப்பையும் கொண்டே அறிந்துகொள்கிறது; தாளின் காந்தம் அந்த உறுப்பின் அருகே வந்துவிட்டால், திறந்திருக்கும்போதே கணினி உறங்கிவிடக்கூடும்.

தொடுதிரையில் எழுதுகோலால் நாள்தோறும் வரைபவர், வழுக்கும் கண்ணாடியில் காகிதத்தின் பிடிமானத்தை விரும்பி ஒரு தாளை ஒட்டிக்கொள்வதும் நியாயமே. எழுதுகோலின் முனை சீக்கிரம் தேயும் என்பதை மட்டும் எதிர்பார்த்திருக்க வேண்டும். கல் அறுக்கும் பட்டறையிலும், மரத்தூள் பறக்கும் இடத்திலும், திரையை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டும் சிறு குழந்தைகள் உள்ள வீட்டிலும், மெல்லிய தாள் ஒன்று கீறலைத் தான் வாங்கிக்கொண்டு திரையை விட்டுவைக்கும். அத்தகையவர்கள் வாங்கட்டும், ஆனால் கண்ணாடியை விட்டு, மெல்லிய தாளையே வாங்கட்டும்.

மற்றவர்களுக்கு வேண்டியது சில பழக்கங்களே. புதிய மடிக்கணினியின் திரைமேல் பயணத்துக்காக நிறுவனம் ஒட்டியனுப்பும் ஒளியூடும் தாளை முதல் நாளே நீக்கிவிட வேண்டும். பாதுகாப்பு என்று எண்ணி அதை மாதக்கணக்கில் வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன், அது அதற்காகச் செய்யப்பட்டதன்று. மூடும் முன் விசைப்பலகையை ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். மூடியை நடுவில் பிடித்துத் திறக்க வேண்டும். பையில் மடிக்கணினிக்கென்று தனியறை இருக்க வேண்டும். துடைக்கும்போது கணினியை நிறுத்திவிட்டு, முதலில் மெல்லிய தூரிகையாலோ ஊதுபந்தாலோ மணல் துகள்களை அகற்ற வேண்டும். பிறகுதான் மைக்ரோஃபைபர் துணியை, வாலை வடித்த நீரில் சற்றே நனைத்து, அழுத்தாமல் துடைக்கலாம். நீரை நேரே திரைமேல் தெளித்தால் அது கீழ் விளிம்பில் வழிந்து உள்ளே புகும். சன்னல் கண்ணாடிக்கு விற்கும் அம்மோனியா கலந்த திரவத்தையும், அசிட்டோனையும் அருகிலேயே கொண்டுவரக் கூடாது. அவை கண்ணாடிக்குத் தீங்கு செய்யா, ஆனால் வெளியே இருப்பது கண்ணாடியன்று என்பதை மேலே கண்டோம்.

ஏற்கெனவே தாள் ஒட்டியிருப்பவர், குமிழியும் கீறலும் மலிந்து அதை நீக்க எண்ணினால், அவசரப்பட்டு வெடுக்கென்று பிடுங்கக் கூடாது. மூடியைப் பின்புறம் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, ஒரு மூலையை நகத்தால் மெல்ல எழுப்பி, தாளைத் தன்மேலேயே மடக்கித் திரையை ஒட்டினாற்போல் கிடைமட்டமாக இழுத்துவர வேண்டும். செங்குத்தாகத் தூக்கினால் தாளோடு திரையின் பூச்சும் மேலெழ நேரும், மெல்லிய கண்ணாடியும் வளையும். எங்கேனும் பசை மிஞ்சியிருந்தால், ஈரத் துணியைச் சிறிது நேரம் அதன்மேல் வைத்து இளகவிட்டு, விரல் நுனியால் உருட்டி எடுத்துவிடலாம்.